உள்கணினியின் கடிகாரம்

சான் ரோமான் பால் கூட்டுறவு ஆலையில் கணினிப் பிரிவு என்றால் அது மாபெல் ஒருத்திதான். ஆய்வுக்கூடத்துத் திரை கறுத்துப்போனாலும், அலுவலகத்தில் அச்சு இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டாலும், மேலாளருக்குப் பேத்தி அனுப்பிய படம் திறக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாலாடைக்கட்டிக் கிடங்குக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் அவளுடைய அறை. எந்நேரமும் புளித்த பால் வாடை அடிக்கும். அவளுக்கு அது எப்போதோ பழகிவிட்டது.

ஆலை வாசலில் ஒரு எடை மேடை உண்டு. பால் லாரி அதன்மேல் ஏறி நின்றதும் எடையையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒரு நிரல் பதிந்துகொள்ளும். அதை எழுதிக்கொடுத்த ஆள் ஸ்பெயினுக்குப் போய்க் குடும்பமும் குட்டியுமாக அங்கேயே தங்கிவிட்டான். மிகப் பழைய கணினியில் மட்டுமே ஓடுகிற நிரல் அது. அந்தக் கணினி உயிரை விடும் நிலைக்கு வந்தபோது மாபெல் அதை அப்படியே ஒரு வெர்ச்சுவல் மெஷினாக்கி, அதாவது பெட்டியில்லாத நிழல் கணினியாக்கி, ஆலையின் சர்வருக்குள் குடிவைத்தாள். தகரப் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது. நிரலுக்கு மட்டும் அது தெரியாது. தன்னைச் சுற்றி அதே பழைய பெட்டி இருப்பதாக எண்ணி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மார்ச்சில் நிர்வாகம் இன்னொரு காரியம் செய்தது. ஆலையின் சர்வரையே தலைநகர் மோன்தெவிதேயோவில் ஒரு வாடகை நிலையத்துக்கு மாற்றியது. அவர்கள் அந்தச் சர்வரையும் வெர்ச்சுவல் மெஷினாக்கித் தங்கள் பெரிய இயந்திரத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். ஆக, பெரிய இயந்திரத்துக்குள் ஆலையின் சர்வர், அந்தச் சர்வருக்குள் எடை மேடையின் பழைய கணினி என்று வீட்டுக்குள் வீடாக ஆகிவிட்டது. பேச்சு வசதிக்காக மாபெல் ஆலையின் சர்வரை வெளிக்கணினி என்றும் எடை மேடையின் கணினியை உள்கணினி என்றும் சொல்வாள். ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

மே மாதம் போலத்தான் மில்டன் மேல் புகார் கிளம்பியது.

மில்டன் மாபெலின் தங்கை சுல்மாவின் கணவன். வடக்குத் தடத்தில் பால் லாரி ஓட்டுகிறவன். பெருத்த உடம்பு, குறைந்த பேச்சு. விடியுமுன் கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றிக்கொண்டு நடுக்காலையில் ஆலைக்குத் திரும்புவான். ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் கிளம்பும்போது கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கடைசிப் பண்ணைக்கும் எடை மேடைக்கும் இடையே இவ்வளவு நேரத்துக்குமேல் போனால் அந்தப் பால் முதல் தரத்திலிருந்து இறங்கிவிடும். வடக்குத் தடத்துப் பால் வாரத்தில் பாதி நாள் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டால் கணக்கு தெளிவாக இருந்தது: கடைசிப் பண்ணையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரவேண்டிய லாரி முக்கால் மணி நேரம் பிந்தி வருகிறது. தெற்குத் தடமும் மேற்குத் தடமும் நேரத்துக்கு வருகின்றன. அவை வருவது ஒன்று விடியற்காலை, மற்றது பிற்பகல்.

முக்கால் மணி நேரம் ஒரு லாரி எங்கே நிற்கும்? அந்தச் சாலையில் கடைசிப் பண்ணைக்கும் ஆலைக்கும் நடுவில் சொல்லும்படியான வீடு ஒன்றுதான். விதவையான இர்மா அங்கே நாலைந்து மாடு வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாலாடைக்கட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கேட்டில் 'பாலாடைக்கட்டி கிடைக்கும்' என்று ஒரு பலகை தொங்கும். ஊருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஆலை உணவறையில் ஓட்டுநர்கள் மில்டனைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன குண்டா, இன்னிக்கு எந்தத் தொழுவத்துல கறந்துட்டு வர்ற?"

மில்டன் பதில் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அதுவே அடங்கியிருக்குமோ என்னவோ. அவன் பேசாமல் மாத்தே இலை போட்ட குவளையில் சுடுநீரை ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருப்பான். பேசாமல் இருப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகிவிட்டது.

பேச்சு சுல்மாவின் காதுக்கு ரொட்டிக்கடை வரிசையில் எட்டியது. அவள் நேரே ஆலைக்கு வந்து மாடியேறி மாபெலின் அறைக் கதவைச் சாத்தினாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஊர் சொல்வது இருக்கட்டும், கணினி என்ன சொல்கிறது என்று தனக்குக் காட்ட வேண்டும் என்றாள். மாபெல் முதலில் மறுத்தாள். அது ஆலையின் பதிவு, வெளியாளுக்குக் காட்டக்கூடாது என்றாள். சுல்மா நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை. கடைசியில் மாபெல் திரையைத் திருப்பி வைத்தாள். ஜூன் மாதம் முழுக்க வரிசையாக இருந்தது. கைபேசி சொன்ன நேரம் ஒரு பக்கம், எடை மேடை சொன்ன நேரம் மறுபக்கம்.

சுல்மா வெகுநேரம் பார்த்தாள். "இது தப்பா இருக்க வழி இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

மாபெல் யோசித்துத்தான் சொன்னாள். சர்வரின் கடிகாரத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். புகார் வந்த உடனேயே, ஒருநாள் பிற்பகலில், உள்கணினியையும் திறந்து பார்த்திருந்தாள். இரண்டும் அவள் கைக்கடிகாரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போயின.

"மெஷினுக்கு மில்டன் மேல என்ன கோபம்? அது பார்த்ததச் சொல்லுது" என்றாள்.

அன்று சாயங்காலம் சுல்மா கணவனின் துணிகளை இரண்டு பையில் போட்டு வாசலில் வைத்தாள். அவன் கெஞ்சவுமில்லை, சண்டை போடவுமில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஆலையில் ஓட்டுநர்கள் இளைப்பாறும் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

இதற்குள் பண்ணைக்காரர்கள், ஆலையில் எல்லோரும் எஞ்சினியர் என்று கூப்பிடும் மேலாளர் பெரச்சோனைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் பால் தரம் இறங்குவதற்குத் தாங்களா பொறுப்பு என்று கேட்டார்கள். பெரச்சோன் கெட்டவர் அல்ல. சண்டை என்றால் ஒதுங்கிப்போகிற மனிதர். மாத முடிவில் மில்டனை லாரியிலிருந்து இறக்கிக் கிடங்கில் பெட்டி தூக்கப் போடுவது என்று தீர்மானித்து, அதை அவனிடம் நேரில் சொல்லப் பயந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

அது ஒட்டப்பட்ட மறுநாள் மில்டன் மாபெலின் அறைக்கு வந்தான். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை.

"நீ மெஷினை நம்புற. நம்பு. நாளைக்கு ஒருநாள் எங்கூட வண்டியில வா" என்றான்.

தன்னைக் கூட்டிப்போகிற நாளில் அவன் எங்கும் நிறுத்தமாட்டான், அதனால் என்ன நிரூபணமாகிவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. சரி, வருகிறேன் என்றாள்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினார்கள். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். பண்ணைகளின் வழியெல்லாம் சேறு. ஒவ்வொரு பண்ணையிலும் மில்டன் இறங்கிக் குழாயைச் செருகி, பாலின் சூட்டைப் பார்த்து, சீசாவில் மாதிரி எடுத்து, கைபேசியில் பொத்தானை அழுத்தி, ஏறிக்கொண்டான். வீண் அசைவு ஒன்றுகூட இல்லை. பண்ணைக்காரர்கள் மாபெலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஆலை ஆள் வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. வண்டிக்குள் மில்டன் மாத்தே கலந்து கொடுத்தான். அவள் உறிஞ்சிவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுப்பாள். பேச்சு அவ்வளவுதான்.

கடைசிப் பண்ணையிலிருந்து திரும்பும்போது இர்மாவின் கேட் வந்தது. பலகை மழையில் நனைந்துகொண்டிருந்தது. இர்மா வேலிக்கு அருகே ஒரு கன்றின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தவள் லாரிச் சத்தம் கேட்டதும் நிமிரக்கூடச் செய்யாமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள். மில்டனும் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பெல்லாம் கை தூக்குவேன், இப்போது அதையும் விட்டுவிட்டேன் என்று கொஞ்ச தூரம் போனபின் சொன்னான்.

ஆலை வந்தது. லாரி எடை மேடையில் ஏறி நின்றது. மேடைக் கூண்டில் இருந்தவன் எடையைப் பார்த்துக் கையசைத்தான். அவனுடைய திரையில் எடை மட்டும்தான் தெரியும். நேரம் உள்ளே போய்ப் பதிவாகும், யாரும் அதை அங்கே பார்ப்பதில்லை. மாபெல் இறங்கி நேரே மாடிக்குப் போனாள். தன் கண்ணால் பார்த்ததும் கணினி சொல்வதும் சேர்கிறதா என்று சூட்டோடு சூடாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். பூட்ஸ் சேற்றோடு உட்கார்ந்து பதிவைத் திறந்தாள்.

மில்டனின் லாரி வந்து சேர்ந்த நேரம் பதினொன்றே கால் என்று இருந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. கைபேசியைப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. இன்னும் வராத ஒரு நேரத்தில் மில்டன் வந்து சேர்ந்ததாகக் கணினி எழுதி வைத்திருந்தது.

இத்தனை நாளும் இதை யாரும் ஏன் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கியது. பதிவுகளை எல்லோரும் சாயங்காலம்தான் புரட்டுவார்கள். சாயங்காலம் பார்த்தால் பதினொன்றே கால் ஒரு சாதாரண நேரம். இப்போது பார்த்தால்தான் அது நடக்க முடியாத நேரம்.

வெளிக்கணினியின் கடிகாரம் சரியாக இருந்தது. உள்கணினியின் கடிகாரம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை விட்டு அசையாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். உணவுக்குக் கூப்பிட வந்தவர்களை அனுப்பிவிட்டாள். நண்பகல் தாண்டியதும் உள்கணினியின் கடிகாரம் ஒரே தாவாகப் பின்னால் வந்து சரியான நேரத்தில் நின்றுகொண்டது. நாளுக்கு ஒருமுறை வெளிக்கணினியிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி அதை அமைத்தவள் அவளேதான். அதற்குப் பின்னால் எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அது உத்தமமாகத்தான் இருக்கும். அவள் பார்த்த பிற்பகலும் அப்படிப்பட்ட பிற்பகல்தான்.

மோன்தெவிதேயோ நிலையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே ஆலையின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறவன் ஃபாப்ரிசியோ. குரலை மட்டுமே அவளுக்குத் தெரியும். எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசுவான். தங்கள் பக்கம் எல்லாம் பச்சை விளக்காக இருக்கிறது என்றான். நடுக்காலையில் அங்கே என்ன நடக்கிறது என்று அவள் கேட்டாள். ஒன்றும் நடப்பதில்லை என்றான். யோசித்துச் சொல் என்றாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு, பாதுகாப்புக்கு எல்லாவற்றையும் ஒரு நகல் எடுக்கிறோம், அவ்வளவுதான் என்றான்.

நகல் எடுக்கும்போது வெளிக்கணினியை நிறுத்தி வைப்பீர்களா என்று கேட்டாள். சற்று நேரம் உறைய வைப்போம், அதற்குத் தெரியவே தெரியாது, எழுந்ததும் விட்ட நேரத்தை நாங்களே கொடுத்துவிடுவோம் என்றான். அதன் வயிற்றுக்குள் இன்னொரு கணினி ஓடுகிறது தெரியுமா என்று மாபெல் கேட்டாள்.

மெல்லுவது நின்றது. "உள்ள இன்னொண்ணா? அத யாரு அங்க வெச்சது?"

"நான்தான் வெச்சேன். நீங்க அப்படியே மூட்டையோட தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"ஒப்பந்தத்துல அப்படியெல்லாம் இல்லையே."

"ஒப்பந்தத்துல இல்ல. உன் மெஷின்ல இருக்கு. இங்க ஒருத்தன் பொண்டாட்டி துரத்திவிட்டுப் படுக்க இடமில்லாமக் கெடக்குறான். சொல்லு, எவ்வளவு நேரம் உறைய வைக்குறீங்க?"

அவனுக்கு அந்த மனைவி துரத்திய விஷயம் விளங்கியிருக்காது. ஆனாலும் தேடிப்பார்த்துச் சொன்னான். கொஞ்ச நேரம் என்று அவன் நினைத்திருந்தது இருபது நிமிஷமாக இருந்தது. வாரத்தில் பாதி நாள் மற்ற வாடகைதாரர்களின் வேலையும் அந்த நேரத்தில் குவிவதால் நீண்டுகொண்டே போயிருந்தது.

அன்று முழுக்க யோசித்து மாபெல் ஒரு முடிவுக்கு வந்தாள். வெளிக்கணினி உறைந்து எழும்போது உள்கணினியும் உறைந்து எழுகிறது. அது தவறவிட்ட இருபது நிமிஷத்தை இரண்டு பேர் ஈடுகட்டுகிறார்கள். உள்கணினியைத் தாங்கி நிற்கிற அடுக்கு, தவறிய கடிகாரத் துடிப்புகளை ஒவ்வொன்றாக வேகமாகத் திருப்பிச் செலுத்துகிறது. அதே வேளையில், உள்கணினிக்குள்ளே அவள் நிறுவிவைத்த ஒரு சின்ன உதவி நிரல், கடிகாரம் பிந்தியிருப்பதைக் கண்டு தன் பங்குக்கு அதைத் தள்ளிவிடுகிறது. துடிப்புகள் வந்து சேரச் சேர, பிந்தியிருக்கிறது என்று அது மறுபடி தப்பாக எண்ணி இன்னொரு தள்ளும் தள்ளுகிறது. இருபது நிமிஷம் நஷ்டப்பட்ட கடிகாரம் அறுபது நிமிஷம் சம்பாதித்துவிடுகிறது. ஒற்றை அடுக்காக இருந்த காலத்தில் யாரும் யாரையும் உறைய வைக்கவில்லை. அதனால் இந்த இருவரும் மோதிக்கொள்ளச் சந்தர்ப்பமே வரவில்லை.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து எளிதுதான் என்று நினைத்தாள். உதவி நிரலை நிறுத்திவிட்டுப் போனாள். மறுநாள் காலை துடிப்புகள் நெரிசலில் பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டன. கடிகாரம் இப்போது பின்னால் போயிற்று. பதிவின்படி மில்டனின் லாரி கடைசிப் பண்ணையிலிருந்து எந்த லாரியாலும் முடியாத வேகத்தில் வந்துவிட்டதுபோல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டு உணவறையில் சொல்ல, குண்டன் பறந்து வந்துவிட்டான் என்று ஓட்டுநர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் மாற்றிச் செய்தாள். துடிப்புகளைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி, உதவி நிரலை மட்டும் விட்டாள். கிட்டத்தட்டச் சரியாக வந்தது. ஆனால் அந்த நிரல் கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பதில்லை. உறைந்து எழுந்ததற்கும் அது பார்ப்பதற்கும் நடுவில் லாரி வந்தால் சில நிமிஷம் தப்பும். நகலை இரவுக்கு மாற்று என்று ஃபாப்ரிசியோவைக் கேட்டாள். இரவு வரிசை நிரம்பிவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான்.

இதையெல்லாம் அவள் பெரச்சோனிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இப்போது சரியாகிவிட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

"பெரும்பாலும் சரி, எஞ்சினியர்."

"இவ்வளவு நாளும் பெரும்பாலும் சரியாத்தானே இருந்துச்சு."

அவர் வேண்டுமென்று குத்தவில்லை. அப்படித்தான் அவருக்குப் பேசவரும். ஆனால் மாபெலுக்குச் சுருக்கென்றது. ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, உள்கணினியை அந்த வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, வெளிக்கணினிக்குப் பக்கத்திலேயே தனியாக நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தாள். ஃபாப்ரிசியோ இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தான். அப்படித் தனியாக நின்றால் அதை உறைய வைக்காமலே நகல் எடுக்கலாம் என்றும் சொன்னான். அவன் குரலில் இப்போது மெல்லும் சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் குறைந்த பொழுதில், மாற்றினாள். கணினி எழுந்தது. நிரலைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. மூடித் திறந்தாள். வெள்ளைத் திரை. எடை மேடைக் கூண்டிலிருந்தவன் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு லாரி வந்து நிற்கிறது, என்ன செய்ய என்று கேட்டான். எடையைக் காகிதத்தில் எழுதிக்கொள் என்றாள். மத்தியானம் வரை அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்பெயினுக்குப் போனவன் பழைய சந்தேகப் பிராணி என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தன் நிரலை யாரும் நகலெடுத்து வேறு ஆலைக்கு விற்றுவிடக் கூடாதென்று, கணினியின் பிணைய அட்டைக்கு உரிய எண்ணைப் பார்த்து, எண் மாறியிருந்தால் வாயைத் திறக்காதபடி அதை எழுதி வைத்திருப்பான். புதிய இடத்தில் கணினிக்குப் புதிய எண் கிடைத்திருந்தது. அவள் பழைய எண்ணையே அதற்குக் கொடுத்துத் தொடங்கினாள். நிரல் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்து எடையைக் கேட்டது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் அவள் எடை மேடையிலேயே நின்றாள். லாரிகளும் கடிகாரமும் ஒத்துப்போயின.

பெரச்சோன் பண்ணைக்காரர்களின் கூட்டத்தைக் கூட்டினார். மார்ச்சுக்குப் பிறகு நடுக்காலையில் வந்த பாலின் தரம் திரும்ப நிர்ணயிக்கப்படும் என்று அறிவித்தார். அறிவிப்புப் பலகையில் மில்டனைக் கிடங்குக்கு அனுப்பும் தாள் கிழிக்கப்பட்டு, வேறொரு தாள் வந்தது. 'கணினி அமைப்பில் மேம்பாடு செய்யப்பட்டது' என்று அதில் இருந்தது. மாபெல் அதை வாசித்துவிட்டு அவர் அறைக்குப் போய், மேம்பாடு என்று போடாதீர்கள், நேரம் தப்பாகப் பதிவாயிற்று, ஓட்டுநர்மேல் தவறில்லை என்று போடுங்கள் என்றாள். அவர் தயங்கினார். அவள் போகவில்லை. தங்கையிடம் கற்றுக்கொண்ட வித்தை அது. புதிய தாள் ஒட்டப்பட்டது.

சுல்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மழை நாள். எண்ணெய்ச்சட்டி அடுப்பில் இருந்தது. மாபெல் எல்லாவற்றையும் சொன்னாள். உள், வெளி என்று சுல்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிகாரம் முன்னால் ஓடியது என்பது மட்டும் விளங்கியது.

"அப்ப தினம் நேராத்தான் வந்தானா?"

"நேராத்தான் வந்தான். நானும் போய்ப் பார்த்தேன்."

"நீதானே சொன்ன, மெஷினுக்கு அவன்மேல என்ன கோபம்னு."

"சொன்னேன்."

சுல்மா மாவை உருட்டித் தட்டி நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டாள். அக்காவைத் திட்டவில்லை. வெந்ததைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். "நீ சொல்லாட்டியும் நான் பைய வெளியில வெச்சிருப்பேன். உன்னால எனக்கு வசதியாப் போச்சு, அவ்வளவுதான்."

அவள் மறுநாள் ஆலைக்குப் போய் ஓட்டுநர் அறை வாசலில் நின்றாள். மில்டன் எழுந்து வந்தான். எல்லோர் முன்னிலும் வா என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். வந்தான். ஆனால் சில வாரம் முன்னறைச் சாய்விருக்கையில்தான் படுத்தான். அந்த உடம்புக்கு அது போதாது. காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறுவான். சுல்மா உள்ளறைக்கு வா என்றும் சொல்லவில்லை, அங்கேயே இரு என்றும் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

உணவறையில் ஓட்டுநர்கள் ஒரே நாளில் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. ஒருவன் மட்டும் தன் பங்கு ரொட்டியில் பாதியை மில்டன் பக்கம் தள்ளி வைத்தான். மில்டன் அதைச் சாப்பிட்டான்.

அறிவிப்பிலும் கூட்டத்திலும் இர்மாவின் பெயர் எங்கும் வரவில்லை என்பது மாபெலுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வராததே நல்லது என்று முதலில் பட்டது. பிறகு அப்படிப் படவில்லை. சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனாள்.

இர்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றபடியே கேட்டாள். எடை மேடை, கடிகாரம், முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு ஆள் பாலாடைக்கட்டி வாங்க வரவில்லை என்றாள். முதலில் சரக்கில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து உப்பைக் குறைத்துப் பார்த்தாளாம், கூட்டிப் பார்த்தாளாம். அப்புறம்தான் தபால்காரன் விஷயத்தைச் சொன்னானாம்.

"அந்த மனுசன் ஒருநாள்கூட இந்தக் கேட்டத் தொறந்ததில்ல. தொறந்திருந்தாலாவது கெட்ட பேருக்கு ஏதாவது மிச்சமிருக்கும்" என்றாள்.

மாபெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இர்மாவும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். "இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. ஊருக்குள்ள போய்ச் சொல்லு" என்றாள்.

என்ன செய்ய வேண்டும் என்று மாபெல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடுவதை நிறுத்தியிருந்தேன், மறுபடி போடப்போகிறேன், நீ என்னோடு வந்து நில் என்றாள் இர்மா. ஆலையில் கணினி பார்க்கிறவள், மில்டனுடைய மனைவியின் அக்கா, அங்கே நின்றால் போதும், வாய் திறக்கக்கூட வேண்டாம்.

மாபெல் நின்றாள். முதல் ஞாயிறு மக்கள் எதிர்ச்சாரியில் நடந்து போனார்கள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பதினாறு வயதுக்குப் பிறகு சந்தையில் எதையும் விற்று அவளுக்குப் பழக்கமில்லை. ரொட்டிக்கடைக்காரி வந்து நின்று, என்ன இங்கே என்று கேட்டாள். மாபெல் வாய் திறக்காமல் இருக்க முடியாமல் முழுக்கதையையும் சொன்னாள், துடிப்பு, அடுக்கு, நகல் உட்பட. ரொட்டிக்கடைக்காரிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு வட்டு பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கே சொன்னதாயிற்று. மூன்றாம் ஞாயிறு சுல்மா வந்தாள். இர்மாவைப் பார்த்துப் பேச எதுவும் அகப்படாமல், சின்ன வட்டா பெரிய வட்டா எது நல்லது என்று கேட்டாள். பெரியது என்றாள் இர்மா. சுல்மா இரண்டு பெரியதாக வாங்கினாள்.

செப்டம்பரில் நிர்வாகம் எடை மேடைக்குப் புதிய நிரல் வாங்க ஒப்புக்கொண்டது. வருகிற வரைக்கும் பழையதே ஓடியது. ஃபாப்ரிசியோ ஒருநாள் தானாகவே கூப்பிட்டு, வேறு இரண்டு வாடகைதாரர்களின் இயந்திரங்களுக்குள்ளும் இப்படி உள்ளே ஒன்று கிடப்பதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, அவற்றை எப்படிச் சோதிப்பது என்று கேட்டான். முதலில் காலையில் போய் நேரத்தைப் பாருங்கள் என்று மாபெல் சொன்னாள்.

அதே மாதம் மில்டன் பெரச்சோனிடம் போய்த் தெற்குத் தடத்துக்கு மாற்றிக் கேட்டான். தெற்குத் தடம் தூரம் அதிகம், சாலையும் மோசம், இன்னும் முன்னதாக எழ வேண்டும். ஏன் என்று பெரச்சோன் கேட்கவில்லை. சுல்மா கேட்டாள். அந்த வழியில் ஒவ்வொரு காலையும் யாருக்காவது கை தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை என்று மில்டன் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசிச் சுல்மா அதற்கு முன்னால் கேட்டதில்லை. சரி, போ என்றாள்.